நானூத்தியெழுபதுல ஒண்ணு

உக்காருங்கக்கா. ஜன்னல் மட்டும் எனக்கு விட்டுருங்க, எப்ப வாந்தி வரும்னு தெரியாது. நாலாவது மாசம். தெரியலையா? சுடிதார் லூசாப் போட்டிருக்கேன்ல, அதான் தெரியல. பஸ் எடுத்தாச் சரியாயிரும். மாட்டுத்தாவணிய விட்டு இவன் எடுக்கறதுக்குள்ள எனக்குப் பிரசவமே ஆயிரும் போல.

கூட யாரும் வரலக்கா. நான்தான் யாரும் வர வேணாம்னு வந்தேன். வீட்டுல எங்கம்மாவைப் பார்க்கப் போறேன்னு சொல்லியிருக்கேன். பொய்தான். அதுக்கென்ன இப்ப? ஒரு பொய் சொன்னதுக்கு யாரும் தலைய எடுத்துற மாட்டாக. நான் பயப்படற ஆளும் இல்ல.

இந்தா, போன் அடிக்குது. எங்க வீட்டுக்காரவுக. அடிக்கட்டும். எடுக்க மாட்டேன்.

நீங்க எதுவரைக்கும்? ராஜபாளையமா? அப்பச் சரி. நான் கல்லுப்பட்டியில இறங்கிருவேன். இன்னிக்குப் பார்த்தா அவ்வளவுதான், நீங்க யாரோ நான் யாரோ. அதனால உங்ககிட்டச் சொல்றதுல ஒண்ணும் இல்ல. என்னைப் பார்த்தா என்ன வயசு சொல்வீங்க? கூச்சப்படாமச் சொல்லுங்க. முப்பத்திமூணா? வாய் இனிக்கட்டும் உங்களுக்கு. ஆதார்ல முப்பத்திநாலு. நெசத்துல முப்பத்தெட்டு.

இதை வாயைத் தொறந்து சொல்றது இன்னிக்கு ரெண்டாவது தடவைக்கா. மொதல் தடவை காலையில டாக்டரம்மாகிட்ட. என் ஆயுசுக்கும் மொத்தமே ரெண்டு தடவைதான்.

நான் பொய் சொன்னதில்ல, அதை மொதல்லயே சொல்லிர்றேன். என்னை யாரும் கேக்கல, நானும் சொல்லல, அவ்வளவுதான். எங்கப்பாவும் அம்மாவும் செங்கச் சூளைக்குப் போறவுக. ஒரு சீசன் ஒரு ஊரு. நான் தம்பியைத் தூக்கிக்கிட்டு அலைவேன். அதுல எங்க பள்ளிக்கூடம் போறது? ஒம்பது வயசுலதான் கொண்டுபோய்ச் சேர்த்தாக. ஒம்பதுன்னு எழுதினா நாலாம் கிளாஸ்ல உக்கார வைக்கணும்மா, இது அ ஆ கூடத் தெரியாம என்ன பண்ணும்னு எட்மாஸ்டர் கேட்டாராம். அப்ப அஞ்சுன்னு எழுதிக்கங்க சாமின்னுச்சாம் எங்கம்மா. தலைக்கு மேல கையை வளைச்சுக் காதைத் தொடச் சொன்னாரு. எனக்குக் கை காதைத் தாண்டித் தோளுக்கே வந்துருச்சு. சரியாத்தான் இருக்குன்னு எழுதிட்டாரு. ஜூன் ஒண்ணாந்தேதி. எங்க கிளாஸ்ல முக்காவாசிப் பேருக்கு ஜூன் ஒண்ணாந்தேதிதான் பொறந்தநாள். நெசமா நான் பொறந்தது மாசி மாசம், சிவராத்திரிக்கு மறுநாள்.

இதுல யாரு குத்தம் சொல்லுங்க. நான் ஒம்பது வயசுப் பிள்ளை. பன்னண்டாவது முடிக்கையில எனக்கு இருபத்தியொண்ணு. பக்கத்துல உக்காந்திருந்ததெல்லாம் பதினேழு. ஒருத்தியும் கண்டுபிடிக்கலையே!

இதுல வேடிக்கை என்னன்னா, நான் இப்ப வேலை பார்க்கறது இ-சேவை மையத்துலக்கா. கல்லுப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல. ஊர்ல யாருக்கு ஆதார்ல பேரு தப்பு, தேதி தப்புன்னாலும் எங்கிட்டத்தான் வரணும். பொறந்த தேதியை ஒரு தடவைதான் மாத்த முடியும், பார்த்துச் சொல்லுங்கன்னு எல்லாருக்கும் நான்தான் புத்தி சொல்வேன். என்னோடது மட்டும் அப்படியே கெடக்கு.

கல்யாணம் தட்டித் தட்டிப் போயி, முப்பத்திநாலு ஆயிருச்சு எனக்கு. பேப்பர்ல முப்பது. இவுக சம்மந்தம் வந்துச்சு. ஈபியில லைன்மேன். முப்பத்திரெண்டு வயசு. கணக்குப் போட்டுப் பார்த்தீங்களா? ஆமா, நான்தான் ரெண்டு வயசு மூத்தவ. எங்கம்மா என்ன பண்ணுச்சு, சர்ட்டிபிகேட் தேதியை எடுத்துக்கிட்டுப் போயி அதுக்கு ஒரு ஜாதகம் எழுதி வாங்கிட்டு வந்துருச்சு. ஜூன் ஒண்ணு, காலையில ஆறரை மணி. நான் பொறக்காத நாளைக்கு எனக்கு ஜாதகம். அதுக்கும் அவுகளுக்கும் எட்டுப் பொருத்தம் இருந்துச்சு! எவளோ ஒருத்திக்கும் அவுகளுக்கும் எட்டுப் பொருத்தம், தாலி என் கழுத்துல. செத்தாலும் வாயைத் தொறக்காத ஜெயக்கொடின்னுச்சு எங்கம்மா. தொறக்கல.

நாலு வருசமாப் பிள்ளை இல்ல. எங்க அத்தை, அதான் மாமியாரு, சீனியம்மான்னு பேரு, பேருலதான் சீனி. முப்பது வயசுப் பொண்ணுக்கு ஏன் இவ்வளவு நாளாகுதுன்னு வர்றவுக போறவுககிட்ட எல்லாம் கேக்கும். எனக்கு உள்ளுக்குள்ள திக்குன்னும். வெளிய காட்டிக்க மாட்டேன். எனக்கென்ன?

அப்புறந்தான் இது தங்குச்சு. பன்னண்டு வாரத்துல ஸ்கேனுக்கு மதுரைக்கு வந்தோம். அந்த டாக்டரம்மா சொன்னாக, ஸ்கேனோட ஒரு ரத்த டெஸ்ட்டும் எடுத்துப் பார்க்கலாம், பிள்ளைக்கு மூளை வளர்ச்சிக் குறை மாதிரி எதுவும் வர வாய்ப்பிருக்கான்னு ஒரு கணக்குச் சொல்லும், கட்டாயம் இல்ல, உங்க விருப்பம்னு. உங்க விருப்பம்! அக்கா, என்னை ஒருத்தரும் அப்படிக் கேட்டதே இல்ல. பள்ளிக்கூடத்துல கேக்கல, கல்யாணத்துல கேக்கல. எனக்கு அப்படியே நெஞ்சு நிமிந்துருச்சு. ஆனா வேணாம்னுட்டேன்.

ஏன்னு கேளுங்க. கடவுள் குடுத்ததை எதுக்கு டெஸ்ட் பண்ணணும்னு சொன்னேன். அத்தைக்கு ஒரே பெருமை, மருமக நம்ம கட்சின்னு. நான் கோயிலுக்கே வருசத்துக்கு ரெண்டு தடவைதான் போவேன். நெசம் என்னன்னா, அந்த டேபிள்ல ஒரு பாரம் இருந்துச்சு. பேரு, எடை, கடைசியாத் தலைக்குக் குளிச்ச தேதி, அப்புறம் வயசு. நான் அதைப் பார்த்துட்டேன்.

எங்க வீட்டுக்காரவுக விடல. எல்லாத்துக்கும் ரெக்கார்டு வேணும் அவுகளுக்கு. பாரத்தை அவுகளே வாங்கி, ஆதாரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, பாக்கெட்ல இருந்து பேனாவை எடுத்து, கரண்ட் பில்லு ரீடிங் எழுதற மாதிரி ஒவ்வொரு எழுத்தாப் பார்த்து எழுதுனாக. பொறந்த தேதி, ஜூன் ஒண்ணு. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். ஸ்கேனுக்காக ரெண்டு பாட்டில் தண்ணியைக் குடிச்சுட்டு அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன். வயசையும் சேர்த்து அடக்கிக்கிட்டேன். ரத்தம் எடுத்தாக. கையை நீட்டுனேன்.

திருமங்கலம் வந்துருச்சா? வெள்ளரிக்கா விக்கறான் பாருங்க. வாங்கலாமா? வேணாம், வயித்தைப் பொரட்டும்.

ஒரு வாரத்துல ரிசல்ட் வந்துச்சு. நானூத்தியெழுபதுல ஒண்ணு. டாக்டரம்மா சிரிச்சாக. பயப்பட ஒண்ணும் இல்ல, முப்பத்தஞ்சுக்கு உள்ள இருக்கீங்கல்ல, இந்தக் கணக்குல வயசுதான் பெரிய விஷயம், அதான் நல்லபடியா வந்திருக்குன்னாக. அப்பத்தான்கா எனக்கு உறைச்சுச்சு. வயசுதான் பெரிய விஷயமாம்!

வீட்டுக்கு வந்தா அத்தை சர்க்கரைப் பொங்கல் வச்சுருச்சு. என் பேரனுக்கு ஒரு குறையும் இல்லைன்னு பேப்பர்லயே போட்டுட்டான்னு தெருவெல்லாம் சொல்லுது. அந்தப் பேப்பருக்கு மஞ்சள் வச்சு சாமி படத்துக்குப் பின்னாடி சொருகிருச்சு. எனக்கு ஒரு வாய் இறங்கல. மசக்கைன்னு நினைச்சுக்கிட்டாக எல்லாரும். அந்தப் பேப்பர்ல இருக்கறது நான் இல்லக்கா. எவளோ முப்பத்திநாலு வயசுக்காரி. அவ பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. என் பிள்ளைக்கு என்னன்னு யாருக்குத் தெரியும்?

அவுக என்ன பண்ணுனாகன்னா, ஸ்கேன் போட்டோவை ஈபி ஐடி கார்டுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டு ஆபீசுல எல்லாருக்கும் காட்டுறாக. போஸ்ட் மரத்துல ஏறும்போதும் கழுத்துல தொங்குது. ஒரு நாள் சாயங்காலம் எனக்குக் குமட்டலுக்கு நார்த்தங்காய் வேணும்னு நாலு கடை ஏறி இறங்கி வாங்கிட்டு வந்தாக. வாங்கிட்டு வந்து, சாப்பிட்டியா இல்லையான்னு பக்கத்துலயே நின்னு பார்த்தாக. அவ்வளவு கண்டிசன். ஒரு எழுத்துப் பிசகக் கூடாது, ஒரு வேளை தவறக் கூடாது. அப்படிப்பட்ட ஆளுகிட்ட நாலு வருசத்தை எப்படிச் சொல்றது?

இந்தா, மறுபடியும் அடிக்குது. ரெண்டாவது தடவை. சந்தேகம் வந்துருச்சு போல. அடிக்கட்டும், அடிக்கட்டும்.

ரெண்டு வாரம் பார்த்தேன். இன்னிக்குக் காலையில கெளம்பிட்டேன். டாக்டரம்மா ரூமுக்குள்ள போயி உக்காரக்கூட இல்ல, நின்னுக்கிட்டே சொன்னேன், மேடம் எனக்கு முப்பத்தெட்டுன்னு. ஏம்மா அன்னிக்கே சொல்லலன்னாக. அன்னிக்கு எங்க வீட்டுக்காரவுக பக்கத்துல இருந்தாகன்னேன். அப்புறம் ஒண்ணும் கேக்கல. பொம்பளைதானே, புரிஞ்சுக்கிட்டாக. மறுபடி ரத்தம் வேணாம், தேதியை மாத்திக் கணக்கை மட்டும் போட்டாப் போதும்னு எழுதிக் குடுத்தாக.

லேப்ல இருந்த தம்பி ஒத்துக்கல. ஆதார்ல இருக்கறதைத்தான் போட முடியும், புரூப் குடுங்கன்னான். வந்துச்சு பாருங்க எனக்கு! தம்பி, நான் இ-சேவையில வேலை பார்க்கறவ, ஆதாரைப் பத்தி எனக்குச் சொல்லாத, வயித்துல இருக்கறது ஆதாரைப் பார்த்தா வளருதுன்னு கேட்டேன். அங்க உக்காந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாக. பார்க்கட்டும். டாக்டரம்மா எழுத்தைக் காட்டுன பிறகுதான் போட்டான்.

நூத்தியெண்பதுல ஒண்ணு.

புரியலையா? நானும் மொதல்ல அப்படித்தான் முழிச்சேன். இந்த பஸ்ஸையே வச்சுக்கங்க. இது மாதிரி எட்டு பஸ் நெறைய எங்களை மாதிரி மாசமா இருக்கறவுகளை ஏத்துனா, அதுல ஒருத்தி பிள்ளைக்கு அந்தக் குறை இருக்கும். அது பழைய பேப்பர். இப்ப மூணு பஸ்ஸு. எட்டு பஸ்ஸா இருந்தப்ப அந்த ஒருத்தி எவளோ எங்கயோ இருந்தா. மூணு பஸ்ஸுன்னதும் அவ மூஞ்சி தெரியற மாதிரி இருக்குக்கா.

டாக்டரம்மா நல்லவுக. மனசை அலட்டிக்காதீங்க, நூத்தியெண்பதுல நூத்தியெழுபத்தொம்பது நல்லாத்தான் இருக்கும்னாக. நிச்சயமாத் தெரியணும்னா வயித்துல ஊசி போட்டு, பிள்ளையைச் சுத்தி இருக்கற தண்ணியைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கணுமாம். வர்ற வியாழக்கிழமை வரச் சொல்றாக. ஊசியில ஆயிரத்துல ரெண்டு மூணு பேருக்குக் கலைஞ்சும் போகலாமாம். ஒண்ணும் பண்ணாம அப்படியே விட்டாலும் தப்பில்ல, கட்டாயம் இல்ல, உங்க விருப்பம்னாக. அன்னிக்கு அந்த வார்த்தை இனிச்சுச்சு. இன்னிக்கு அதைக் கேட்டதும் பத்திக்கிட்டு வந்துச்சு. என் விருப்பம், என் விருப்பம்னா எனக்கு என்ன தெரியும்? யாராச்சும் இதைச் செய்யின்னு சொன்னா, செய்ய மாட்டேன்னு சண்டையாவது போடுவேன்.

பேப்பர் இந்தப் பையிலதான் இருக்கு. வீட்டுக்குப் போனதும் காட்டுவேன். ஏன் காட்ட மாட்டேன்? அவுக என்ன கேப்பாகன்னு எனக்குத் தெரியும். குடும்பமாச் சேர்ந்து என்னை ஏமாத்திட்டீங்களான்னு கேப்பாக. அதுக்கும் பதில் வச்சிருக்கேன். வயசு மூத்தவ சமைச்சதுன்னு இத்தனை நாள்ல ஒரு நாளாச்சும் சோத்துல தெரிஞ்சுச்சான்னு கேப்பேன். அத்தை எங்கம்மாவை இழுக்கும். இழுக்கட்டும். நீங்க எட்டுப் பொருத்தம் பார்த்தீங்களே, என் மூஞ்சியைப் பார்த்தீங்களான்னு கேப்பேன். எல்லாத்துக்கும் பதில் இருக்கு. காலையில இருந்து மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன். வீட்டை விட்டுப் போன்னா போவேன். கம்ப்யூட்டர் தெரிஞ்சவளுக்குப் பொழைக்கத் தெரியாதா?

மறுபடியும் அடிக்குது. என்னக்கா? எடுக்கவா? நீங்களும் அவுக கட்சியா? சரி, எடுக்கறேன். எடுத்தா என்ன, பயமா?

அலோ. சொல்லுங்க. பஸ்ஸுலதான் இருக்கேன். இல்ல, அம்மா வீட்டுக்குப் போகல. ஓ, போன் பண்ணிக் கேட்டீங்களாக்கும். அதான் போகலைன்னு தெரிஞ்சுருச்சுல்ல, அப்புறம் என்ன? மதுரைக்குப் போனேன். டாக்டர்கிட்ட. நில்லுங்க, நில்லுங்க. நான் சொல்றதை முழுசாக் கேட்டுட்டு அப்புறம் கத்துங்க. அந்தப் பாரத்துல நீங்க எழுதுனீங்கல்ல வயசு, அது தப்பு. எனக்கு முப்பத்திநாலு இல்ல. முப்பத்தெட்டு. கேக்குதா? முப்பத்தெட்டு! உங்களை விட ரெண்டு வயசு மூத்தவ. பள்ளிக்கூடத்துல தப்பா எழுதிட்டாக. எங்கம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது.

அலோ? லைன்ல இருக்கீங்களா?

என்னது? பாப்பாவுக்கா? நான் என் வயசைச் சொல்லிக்கிட்டிருக்கேன், நீங்க பாப்பாவுக்கு என்னன்னு கேக்குறீங்க. மொதல்ல இதுக்கு ஒரு பதில் சொல்லுங்க. திட்டணும்னா திட்டுங்க. எப்படிங்க கோவம் வராமப் போகும், நாலு வருசமா மறைச்சிருக்கேன்! யாரு அழுதா? நான் ஒண்ணும் அழல, காத்து அடிக்குது. பாப்பா நல்லாத்தான் இருக்கு. காலை உதறிக்கிட்டு ஆடுது ஸ்கேன்ல. கணக்குதான் மாறிப்போச்சு. வயசை மாத்திப் போட்டதுல நூத்தியெண்பதுல ஒண்ணுன்னு வந்திருக்கு. அது கொஞ்சம் பக்கம். ஆமா. பழசை விடப் பக்கம்.

ஏன் அத்தைகிட்டச் சொல்லக் கூடாது? பழைய பேப்பரே இருக்கட்டுமா? இருந்தா? இங்க பாருங்க, அந்தப் பேப்பர் எனக்குச் சொந்தமில்ல. அதுல இருக்கறவ பெத்துக் குடுக்கப் போறாளா உங்களுக்கு? நான் சொல்லித்தான் கெட்டுப்போச்சுன்னு அத்தை சொல்லும். சொல்லட்டும். நான் சொன்னதால ஒண்ணும் வரல, இருந்தா இருக்கு, இல்லாட்டி இல்ல. நான் மறைச்சுவச்சா அது பயந்து ஓடிப்போகுமா? உங்கம்மா சங்கடப்படுவாகன்னு பார்க்கறீங்க. என் பிள்ளையைப் பத்தி எனக்குத் தப்பாத் தெரிஞ்சிருக்கே, அது சங்கடம் இல்லையா?

ம். ம். என்ன சொன்னீங்க? மறுபடி சொல்லுங்க, பஸ்ஸு சத்தம்.

நான் என்ன நினைக்கிறேனா?

அலோ, இருக்கேன். இருங்க.

எனக்குப் பயமா இருக்குங்க. ஊசியும் பயமா இருக்கு, போடாம இருக்கறதும் பயமா இருக்கு. காலையில இருந்து உங்ககூடச் சண்டை போடத்தான் எல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன். இதை யோசிக்கவே இல்ல. இப்பத்தான் யோசிக்கறேன். நாலு வருசமா ஒண்ணைத் தெரிஞ்சுக்கிட்டே தெரியாத மாதிரி இருந்தேன்ல, எனக்கு அது போதுங்க. இனிமேப்பட்டு முடியாது. ஊசி போட்டுக்கறேன். ஆபத்து இருக்குன்னு தெரிஞ்சுதான் சொல்றேன். என்னன்னு தெரியணும் எனக்கு. தெரிஞ்ச பிறகு என்ன பண்றதுன்னு இப்பக் கேக்காதீங்க. அத்தை கேட்டாலும் சொல்ல மாட்டேன். தெரிஞ்ச பிறகு சொல்றேன், அதையும் நான்தான் சொல்வேன். வியாழக்கிழமை லீவு போடுங்க. பாரம் குடுத்தா இந்தத் தடவை நானே எழுதிக்கறேன், நீங்க பக்கத்துல உக்காந்தாப் போதும். சரி. சரி, வையுங்க.

வச்சுட்டாக.

என்னைப் பார்க்காதீங்கக்கா, நல்லாத்தான் இருக்கேன். கேட்டீங்களா அந்த மனுசனை? மூத்தவன்னு சொல்றேன், ஒரு வார்த்தை திட்டலை. அதான் எனக்கு ஆத்தாமையா வருது. இத்தனை வருசம் நான் செத்துச் செத்துப் பொழைச்சது எதுக்கு? வீட்டுக்கு வரட்டும், அதுக்கு ஒரு சண்டை தனியா இருக்கு.

அய்யோ, கல்லுப்பட்டியா? பேசிக்கிட்டே கவனிக்கல. வழி விடுங்கக்கா, அந்தப் பையை எடுங்க. அண்ணே, நிறுத்துங்க, இறங்கணும்! என்னது, சீக்கிரமாவா? விசிலை வாயில இருந்து எடுங்கண்ணே. எனக்கு முப்பத்தெட்டு வயசு, வயித்துல நாலு மாசம். நான் மெதுவாத்தான் இறங்குவேன், பஸ்ஸு நிக்கட்டும்.